நெல்லாகக் கொடுக்காத கூலி

பாடசாலையில் பொருளியல் படிப்பித்த நான், என்னை நம்பிய ஒரு பெண்ணிடம் விலைவாசியைப் பற்றித் தெரிந்தே பொய் சொன்னேன்.

வயலுக்குப் போடப் பசளை வராத வருடம் அது. ஒட்டுசுட்டானில் என் வயல் பாதிகூட விளையவில்லை. டீசல் இல்லாததால் வெட்டும் மெசினும் வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஆட்கள் அரிவாளோடு இறங்கினார்கள். கையால் வெட்டினால் கூலியை நெல்லாகக் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வெட்டியவர்களில் ஒருத்தி என்னிடம் உயர்தரம் படித்தவள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சொந்தக் காணி இல்லை. புருசனும் இல்லை, பிள்ளைகள் இரண்டு. அந்தக் கூலி நெல்தான் அடுத்த போகம் வரைக்கும் அவர்களுக்குச் சோறு.

எனக்கோ பயம். போரின் கடைசி மாதங்களில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவன் நான். விளைச்சல் குறைந்தால் அரிசி விலை ஏறும். வெளியிலிருந்து வாங்க நாட்டிடம் டொலர் இல்லை. அச்சடித்த காசு மட்டும் பெருகுகிறது. எல்லாம் நானே கரும்பலகையில் எழுதிய பாடம். ஒரு மூட்டையையும் விட மனம் வரவில்லை.

“காசாய் வாங்கு பிள்ளை. ரெண்டு மாதத்தில அரிசி விலை இறங்கும். அப்ப கூட வாங்கலாம்,” என்றேன்.

“சேர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்,” என்று அவள் காசை வாங்கிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள்.

நெல்லை உள்ளறையில் அடுக்கிப் பூட்டினேன். அதோடு பயம் இரண்டாகியது. பதுக்கிய நெல்லைத் தேடி அதிகாரிகள் வருகிறார்கள் என்று சந்தியில் கதை அடிபட்டது. படலையில் சைக்கிள் மணி கேட்டாலே இடுப்பிலிருந்த அறைத் திறப்பைத் தடவிப் பார்ப்பேன். என்னைப்போல் எத்தனை பேர் பூட்டி வைத்திருந்தார்களோ, கடையில் அரிசி விலை வாரத்துக்கு வாரம் ஏறியது.

ஒரு காலை கடையில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். முதல்நாள் கேட்டுப்போன விலைக்குக் காசு கொண்டுவந்திருந்தாள்.

“நேற்றைய விலை நேற்றோட போயிட்டுது தங்கச்சி. இதுக்கு இண்டைக்கு அரைக் கிலோதான்,” என்றார் கடைக்காரர்.

திரும்பியவள் என்னைக் கண்டாள். “எப்ப சேர் இறங்கும்?”

குரலில் கோபமில்லை. உண்மையாகவே கேட்டாள்.

அன்றே அறையைத் திறந்து, இரண்டு மூட்டைகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். விலை இறங்காதென்று அன்றைக்கே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவள் கூலிக்கு வரவேண்டிய ஒரு மூட்டையை மட்டும் உள்ளே இழுத்து வைத்தாள். கூலிக் காசில் மிஞ்சியிருந்ததைக் கொண்டுவந்து மற்ற மூட்டையின் மேல் வைத்தாள். பிறகு, வெட்டிய மற்றவர்களுக்கும் நெல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் பொய் சொன்ன கதை ஊர் முழுக்கப் பரவியது.

அடுத்த வெட்டுக்கும் மெசின் வரவில்லை. அவள்தான் ஆட்களைக் கூட்டிவந்தாள். ஆனால் ஒருவரும் வயலுக்குள் இறங்கவில்லை.

“கூலி நெல்லை முதல்ல வரம்பில கொண்டுவந்து வையுங்கோ சேர். பிறகு வெட்டுறம்,” என்றாள்.

முற்றிய கதிர் சாய்ந்து கிடந்தது. கிழக்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. வீட்டிலிருந்த பழைய நெல்லைச் சுமந்துவந்து அவர்கள் பார்க்க அளந்து வைத்தேன். அவள் ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் கையை விட்டு, அடிவரை கிளறிப் பார்த்தாள். கடைசி மூட்டையையும் பார்த்து முடியும்வரை ஒருவரும் அரிவாளை எடுக்கவில்லை.