நின்றபடி கேட்ட தீர்ப்பு

நாய்க்கடிக்கு மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு சாலவாக்கம் பஸ்ஸில் திரும்பினேன். சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். கடித்த இடம் அப்படி.

விவரம் கேட்ட மீசைக்காரர் ஒருவர் கொதித்துவிட்டார்.

"நாய இன்னா சொல்றது? வளக்கறவன சொல்லணும். கோர்ட்டு அவன ஒரு வருசம் உள்ள போடணும். ஜாமீனே தரக் கூடாது!"

பஸ்ஸே தலையாட்டியது.

"எந்த வூட்டு நாய்ப்பா?"

"ஏரிக்கர ஓரம், பச்ச கேட்டு வூடுங்க. குரியர் குடுக்கப் போனேன்."

மீசைக்காரர் என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"எங்க மணி சும்மா கடிக்காதே. நீ இன்னா பண்ண அத?"

இறங்கும்போது, "இனிமே கேட்டாண்டயே நின்னு கொரலு குடு" என்று எனக்கு நிபந்தனை ஜாமீன் வழங்கிவிட்டுப் போனார்.

மேல்முறையீட்டுக்கு எந்த வக்கீல் வருகிறீர்கள்? உட்கார்ந்து பேசலாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.