புங்கம்பள்ளிக்கு ஒன்பது வருஷம் தாமதமாக

சேலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு முதல் பஸ் காலை ஆறு மணிக்கு. ஐந்தரைக்கே போய் ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டேன். அறுபத்தெட்டு மைல், கட்டணம் இரண்டு ரூபாய் பன்னிரண்டு நயா பைசா. புதுக்காசு வந்து ஒரு வருஷம் ஆகியும் கண்டக்டர் வாயில் அணாதான் வருகிறது. "ரெண்டு ரூவா ரெண்டணா சார், அதாவது பன்னெண்டு பைசா" என்று தானும் குழம்பி என்னையும் குழப்பிவிட்டுத்தான் சீட்டுக் கிழித்தார்.

நான் போகிற ஊரில் பார்க்கக் கோயிலோ அருவியோ கிடையாது. சூளகிரிக்குத் தெற்கே நான்கு மைலில் உள்ள புங்கம்பள்ளி. அங்கே வெங்கடம்மா என்ற பெண்மணி போன மாதம் காலமாகிவிட்டார் என்று பழைய சிநேகிதர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்த அம்மாளிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று என்னிடம் இருந்தது. மாங்காய்க் காலம் முடியட்டும், மழை நிற்கட்டும் என்று ஒன்பது வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். கிளம்பும்போது மனைவி, "இனிமே போயி யார்கிட்ட சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். "அவங்க வீட்டுக்காரர் இருக்கார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழே கால் மணிக்குத் தொப்பூர் கணவாய். பஸ் முக்கி முனகி ஏறி, பாதியில் நின்று தண்ணீர் கேட்டது. டிரைவர் வாளியோடு இறங்கினார். நாங்களும் இறங்கி நிழல் பார்த்து நின்றோம். இந்த இடைவேளையில் அந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் சூளகிரிப் பக்கத்தில் அம்மை குத்துகிறவன். ஊசிப் பெட்டியும் கையுமாக ஊர் ஊராக நடப்பேன். என் தலை தெரிந்ததுமே பிள்ளைகள் மாயமாகிவிடுவார்கள். ஊசி குத்தினால் மாரியாத்தா கோபித்துக்கொள்வாள் என்று பயந்து, வைக்கோல் போரிலும் பரண் மேலும் தாய்மார்கள் ஒளித்துவைப்பார்கள். எங்களுக்குக் கிடைப்பது வசவுதான். புங்கம்பள்ளிக்குப் போன அன்றும் காலையிலிருந்து இரண்டு ஊரில் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். வெங்கடம்மா வாசலை மறித்து நின்று, "எம் பொண்ணு மாமன் வீட்டுக்குப் போயிருக்குது சாமி" என்றார். அந்த நிமிஷம் உள்ளே ராகி கொட்டிவைக்கும் மண் குதிருக்குள் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. கண்ணாமூச்சி என்று நினைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு சிரிப்பு, உடனே வாயைப் பொத்திக்கொண்டதுபோல் நின்றுவிட்டது.

வெங்கடம்மா என் முகத்தையே பார்த்தார். நான் குனிந்து ரிஜிஸ்டரில் 'ஊரில் இல்லை' என்று எழுதினேன். "நீங்க நல்லா இருக்கணும் சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். வசவு தின்றே பழகியவனுக்கு அந்த வாழ்த்து இனித்தது. நான் விட்டதற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது. இருந்தால் இத்தனை வருஷத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

அந்தக் கோடையிலேயே அம்மை கண்டது. ருக்கு என்கிற அந்தப் பெண்ணுக்கு ஆறு வயது. பதினோராம் நாள் போய்விட்டாள். அதற்குள் எனக்கு ஆத்தூருக்கு மாற்றலாகியிருந்தது. கடிதத்தில் செய்தி வந்தது. படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

ஒன்பதே முக்காலுக்குக் கிருஷ்ணகிரி. வைகாசி மாதமாதலால் பஸ் நிலையம் முழுக்க மாம்பழ வாசனை. வெறுங்கையோடு போகவேண்டாமே என்று ஒரு டஜன் மல்கோவா வாங்கினேன். ஓசூர் பஸ் பத்தேகாலுக்குப் புறப்பட்டது. சூளகிரி பதினாறு மைல், ஐம்பது நயா பைசா. பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி, மடியில் காலிக் கூடையோடு, பின்சீட்டில் யாரையோ தெலுங்கில் அதட்டிவிட்டு என்னிடம் தமிழுக்கு மாறினார்.

"எந்த ஊருக்குங்க?"

"புங்கம்பள்ளி."

"வெங்கடம்மா ஊருக்கா? அய்யோ, அது போயிடுச்சேங்க! நாங்கெல்லாம் எழவுக்குப் போயிட்டு வந்தோம்." சட்டென்று கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தன் இடுப்புக்கு நேராகக் கையை நீட்டிக் காட்டினார். "சூளகிரிச் சந்தையில புளி விக்கிற எங்க நடுவுல வந்து இப்பிடி நிக்குமுங்க. 'எம் பொண்ணு இவ்ளோ ஒசரம் இருந்தா. ஆத்தா கொண்டு போகல. நான் ஒளிச்சு வெச்சேன், அதனாலதான் போயிட்டா. நீங்க ஒளிக்காதீங்க'ங்கும். தமிழுல ஒரு வாட்டி, தெலுங்குல ஒரு வாட்டி, கன்னடத்துல ஒரு வாட்டி."

"ஜனங்க கேட்டாங்களா?"

"எங்க கேட்டாங்க? ஆத்தாளையே எதுத்துப் பேசுறான்னு சாணியக் கரைச்சு ஊத்துனாங்க. மறு வாரமும் அதே எடத்துல வந்து நின்னுச்சு. ஊசிக்காரருக்கு முன்னாடி ஊருக்குள்ள வரும். எங்க வீட்டுல நேரா அடுப்படிக்குப் பின்னால போயி, 'கண்ணு, ஆட்டம் முடிஞ்சுது, வெளிய வா'ன்னு எம் மகனக் கூப்புட்டுச்சு. ஒளிக்கிற எடம் அதுக்குத் தெரியாதாங்க?"

அவருக்குத் தெரியாத மீதிக் கதை எனக்குத் தெரியும். வெங்கடம்மா தாசில்தாரைப் பார்க்க ஓசூர் தாலுகா கச்சேரிக்கு நடையாய் நடந்தவர். 'ஊரில் இல்லை' என்று எழுதிய வீட்டுக்குப் பதினைந்து நாளில் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே மனு. கடைசியில் அப்படியே உத்தரவாயிற்று. கொஞ்ச நாளில் ஆத்தூருக்கும் அந்த வழக்கம் வந்தது. எவளோ ஒரு பட்டிக்காட்டுப் பொம்பளை பேச்சைக் கேட்டு எங்கள் காலை ஒடிக்கிறார்களே என்று அதிகம் முணுமுணுத்தவன் நான்தான். அந்தப் பொம்பளையின் பெயரைக் கேட்டதும் வாய் அடைத்துவிட்டது. அப்போதாவது போயிருக்கலாம்.

பதினொன்றேகாலுக்குச் சூளகிரியில் இறங்கினேன். வண்டி கிடைக்கவில்லை, நடந்தேன். முதல் மழைக்கு ராகிக் கொல்லைகளில் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு ஒரு மணி நேரத்தில் நடந்த நான்கு மைல் இப்போது இரண்டு மணி நேரம் பிடித்தது.

வெங்கடம்மாவின் கணவர் முனியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். மாம்பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே கூப்பிட்டுப் பாய் விரித்தார். குதிர் இருந்த மூலையில் தரையில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"புள்ளைய அடக்கம் பண்ண அன்னிக்கே கடப்பாரையால ஒடச்சுப் போட்டா. அப்பறம் மூட்டையிலதான் ராகி வெக்கிறோம்."

"முனியப்பா, அன்றைக்கு அம்மை குத்த வந்தவன் நான்தான்."

"தெரியுமுங்க சாமி. வரப்புல வரும்போதே தெரிஞ்சுது." அவர் குரலில் கோபம் இல்லை. "ஓசூருல தாசில்தாரு, 'ஊரில் இல்லை'ன்னு எழுதினவன் பேரச் சொல்லுன்னு கேட்டாரு. பேரு நெனப்பில்லைன்னுட்டா. எங்க ரெண்டு பேருக்கும் உங்க பேரு நல்லாத் தெரியும்."

அதற்குப் பிறகு உத்தியோக உயர்வு என்று நான் நிமிர்ந்து நடந்ததெல்லாம் அந்த 'நெனப்பில்லை'யின் தயவு. அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"உங்களப் பாத்தா ஒண்ணு கேக்கணும்னு சொல்லிட்டே இருப்பாளுங்க. அவ இல்ல, நான் கேக்கறேன். அன்னிக்கு அந்தப் புள்ள சிரிச்சுதாமே, அது உங்க காதுல விழுந்துச்சா? சில நாளு, கண்டிப்பா விழுந்திருக்கும்பா. சில நாளு, விழுந்திருந்தா அந்த மனுசன் விட்டுட்டுப் போயிருக்க மாட்டாரும்பா. சாவுற வரைக்கும் அவளுக்கு அது தீரல."

விழவில்லை என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பும் வந்தது என்பதை மறைப்பானேன்.

"விழுந்தது" என்றேன்.

வெளியே மாடு தொட்டியை முட்டும் சத்தம் கேட்டது.

"அவகிட்ட வந்து இத ஒரு வாட்டி சொல்லியிருக்கலாமே சாமி. ஊரு ஊராப் போயி நான்தான், நான் ஒருத்திதான்னு சொல்லிட்டுத் திரிஞ்சாளே."

திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாப்பிடச் சொன்னார், களி இறங்கவில்லை. தார் ரோடு வரை நான்கு மைலும் கூடவே நடந்து வந்து, நாலரை மணி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி நெடுக வார்த்தை தேடினேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

கிருஷ்ணகிரிச் சத்திரத்தில் தங்கி, மறுநாள் பதினொரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"சொன்னேன்."

என் மகள் கமலா மோர் கொண்டுவந்து நீட்டினாள். அவளும் ருக்குவும் ஒரே வயது. நீட்டிய கையின் மேல்பக்கம், ரவிக்கை விளிம்புக்குக் கீழே, இரண்டு வட்டத் தழும்புகள். புங்கம்பள்ளிக்குப் போன அதே மாதம் நான் லீவில் வந்து என் கையாலேயே குத்தியது. அன்றைக்குக் கையைக் காலை உதறி, "வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா" என்று தெருவே கூடும்படி அழுதாள். நான் பிடித்த பிடியை விடவே இல்லை.