கிணற்றுப் பக்கம்

என் கணவர் தினமும் மலை சுற்ற ஆரம்பித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கொரோனா இரண்டாவது அலையில் அவருடைய தம்பிக்கு மூச்சுத் திணறியது. கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் சரக்கு வேனிலேயே படுக்கவைத்து இவர்தான் ஓட்டி வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது தம்பி உயிரோடு இல்லை. அதன்பிறகு இவர் வேனைத் தொடவில்லை. பேச்சும் கம்மியாகிவிட்டது. கிரிவலத் தடை நீங்கியதும் விடியற்காலையில் செருப்பில்லாமல் கிளம்புவார், பத்து மணிக்குத் திரும்புவார்.

"உங்க வீட்டுக்காரர அண்ணாமலையாரே கூப்ட்டுட்டாரு. குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார் எதிர்வீட்டு அக்கா.

வாட்ச்சை யாரோ ஒரு சாமியாருக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு நல்ல சட்டைகளை. பிறகு போனை. வேறு ஊராக இருந்தால் யாராவது பயந்திருப்பார்கள். இங்கே, பற்று விட்டுப்போச்சு என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் இருக்கிறேனே, மரமண்டை! தினமும் நெற்றியில் விபூதி பூசி அனுப்பிவைத்தேன்.

ஒருநாள் கிளம்பும்போது வேன் சாவியை என் கையில் வைத்தார்.

"இன்னாத்துக்கு இப்போ?" என்றேன்.

"வித்துடு. பசங்கள நல்லா பாத்துக்க."

பசங்களை என்னிடம் விட்டுவிட்டு இவர் எங்கே போகிறார்? கதவைச் சாத்திவிட்டு அவர் பின்னாலேயே போனேன். வழியெல்லாம் அவர் ஒருமுறைகூட மலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடி அண்ணாமலை தாண்டியதும் பாதையின் இடதுபக்கம் இறங்கி, ஒரு நிலத்துக் கிணற்றின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்.

நான் ஓடப்போனேன். பாதையோர டீக்கடை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "கத்தாதம்மா, தியானம் பண்றாரு. தெனமும் இங்கதான் ஒக்காருவாரு. வெயில் ஏறினதும் வந்த வழியே திரும்பிடுவாரு."

அப்படியானால் ஒருநாள்கூட அவர் மலையைச் சுற்றவே இல்லை. ஐயோ, அந்தக் கிணற்றுக்குத்தான் நான் விபூதி பூசி அனுப்பியிருக்கிறேன்.

கையை உதறிக்கொண்டு ஓடி, அவர் தோளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

"நான் ஸ்பீடா ஓட்டியிருந்தா அவன் பொழச்சிருப்பான்" என்றார். தம்பியைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அங்கிருந்தே ஆட்டோ பிடித்து மனநல டாக்டரிடம் கொண்டுபோனேன். "சாமி காரியத்த பைத்தியம்னு ஆக்கிட்டியே" என்று சொந்தக்காரர்கள் திட்டினார்கள். ஆக்கினேன் போங்கள் என்றேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார், வாராவாரம் உட்காரவைத்துப் பேசினார். என்னிடம் "தனியா விடாதீங்க" என்றார்.

மாத்திரை இன்னும் தொடர்கிறது. சில நாள் சிரிக்கிறார். சில நாள் கிணற்றோரம் நான் பார்த்த அந்தப் பார்வை திரும்பி வருகிறது. நடக்க வேண்டும் என்றால் கூடவே நடக்கிறேன். மலைப் பக்கம் சித்தர்கள் போவார்கள், மனிதர்கள் இடது ஓரமாகத்தான் நடக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். அந்த இடம் வந்ததும் நான் அவரை மலைப் பக்கம் தள்ளிவிட்டு, கிணற்றுப் பக்கம் நடக்கிறேன். சித்தர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.