அமாவாசைத் தண்ணீர்

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஜவ்வரிசிக்கு மாவு அரைக்கிற வெங்கடாசலத்தின் சேகோ ஆலை. அங்கே குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, தோல் சீவுகிற பெண்களில் பாப்பாயிக்குத்தான் வாய் நீளம். முதலாளியையே கிண்டலடிப்பாள். மகள் சரிதா அதே ஆலைக்கு வந்த காலையில் மட்டும் அந்த வாய் அடைத்துப்போனது. இஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிற பெண், கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்தாள். ஆலையில் கரண்டும் தண்ணீரும் எங்கே வீணாகின்றன, கழிவை எப்படிக் குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பாப்பாயிக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை, கூடவே பயம். ஆலையின் கழிவுநீர் ஓடை அவர்கள் வீட்டுக்குப் பின்னால்தான் போகிறது. அரவைக் காலத்தில் புளித்த நாற்றம் தாங்காமல் பின்கதவைத் திறப்பதே இல்லை. அந்தக் கோபத்தில் மகள் முதலாளியிடம் ஏதாவது பேசிவைத்தால் அம்மாவின் வேலைக்குத்தான் உலை.

சரிதா சண்டைக்குப் போகவில்லை. அரைத்த கிழங்கின் சக்கையான திப்பியைக் கடைசியாக அலசிய தண்ணீர் ஓடையில் கலப்பதைக் காட்டினாள்.

"சார், இது அவ்வளவா கெடாத தண்ணிங்க. தொட்டியில புடிச்சு மறுபடி அரவைக்கே உட்டா, போர் மோட்டார் ஓடுறது கொறையும். ஓடைக்குப் போற கழிவும் கொறையுமுங்க."

"மாவு வெள்ளை கொறஞ்சா ஆரு அம்முணி வாங்குவா?" என்றார் வெங்கடாசலம். கடவுளுக்கு அடுத்தபடி அவர் கும்பிடுவது வெள்ளை மாவைத்தான். அரை மனதோடு சரியென்றார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அமாவாசை வந்தது. அன்றைக்கு இயந்திரங்களுக்குப் பூஜை போட்டு அரவையை நிறுத்திவிடுவார்கள். தொட்டித் தண்ணீர் அப்படியே நின்று புளித்தது. மறுநாள் அரவைக்காரர் மாரியப்பன், சொட்டுத் தண்ணீரையும் வீணாக்கக் கூடாது என்ற சரிதாவின் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அந்தப் புளித்த தண்ணீரையே அரவைக்குத் திறந்து விட்டுவிட்டார். அன்றைய மாவு முழுக்கப் பழுப்பு.

வெங்கடாசலம் தையா தக்கா என்று குதித்தார். "பாப்பாயி! உன்ற மவளக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு!"

மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சரிதா அவர் பக்கம் கையைக் காட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம்.

"மாரியப்பண்ணன் மேல தப்பில்லீங்க சார். அமாவாசைக்கு அரவை நிக்கும்னு எனக்குத் தெரியாதுங்களா? இதே ஊர்ல பொறந்தவ. நின்ன தண்ணிய ஓடைக்குத் தொறந்து உட்ரோணும்னு நாந்தான் சொல்லாம உட்டுட்டேன். இன்னொருக்கா மட்டும் பாக்க உடுங்க."

அதைக் கேட்டதும் பாப்பாயிக்குத் தன் வாய் திரும்பக் கிடைத்தது. எழுந்து வந்து நின்றாள்.

"மொதலாளி, இன்னொருக்காவும் மாவு பழுப்பாச்சுன்னா, நீங்க போகச் சொல்லவே வேண்டாமுங்க. நானே கத்தியக் கீழ வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிர்றேன்."

வெங்கடாசலம் இருவரையும் முறைத்தார். பிறகு மாரியப்பனைப் பார்த்துத் தலையசைத்தார்.

தொட்டியைக் காலி செய்து கழுவினார்கள். அன்றன்று அலசிய தண்ணீரை மட்டும் விட்டு அரைத்தார்கள். மறுநாள் காலையில் படிந்த மாவில் ஒரு பிடி அள்ளி வெயிலுக்குக் கொண்டுபோனார் வெங்கடாசலம். பெண் பார்க்கப் போனபோதுகூட அந்த மனுஷன் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். தோல் சீவுகிற கைகள் எல்லாம் நின்றுவிட்டன. மாவு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மாரியப்பா," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். "இனி அரவை நின்னா அன்னைக்கே தொட்டியக் காலி பண்ணிப்போடு. ஆராச்சும் கேட்டா இஞ்சினியரம்மா சொன்னாங்கன்னு சொல்லு."

பாப்பாயி அன்று சீவிய கிழங்கில் பாதியைக் கண்ணீரோடுதான் சீவினாள். வெங்காயமா உரிக்கிறாய் என்று பக்கத்தில் இருந்தவள் கேலி செய்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பின்கதவின் தாழ்ப்பாளைத் தட்டித் தட்டித் திறந்தாள். நாற்றம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் கரை தொட்டு ஓடிய ஓடை நடுவில் ஒடுங்கி ஓடியது. அதன் கரையில் நின்று சரிதா எதையோ அளந்துகொண்டிருந்தாள். பாப்பாயி வாசற்படியில் நின்று, நாலு வீட்டுக்கும் கேட்கட்டும் என்றே குரல் கொடுத்தாள்.

"இஞ்சினியரம்மா! சோறு ஆறுதுங்க, வாங்க!"