ஒரு தரம் சொன்னால் போதும்

இலங்கையின் உடப்புக் கிராமத்தில் கடற்றொழில் செய்பவன் நான். கடலுக்குப் புறப்படும்போது "போயிட்டு வாறன்" என்று ஏழு தரம் சொல்ல வைப்பாள் என் பத்து வயது மகள். ஒரு சொல் பிசகினாலும் அப்பா மூழ்கிவிடுவார் என்று அழுது, முதலிலிருந்து சொல்லச் சொல்வாள். பாசம் என்று நினைத்து நானும் சொன்னேன். நான் திரும்பும்வரை பள்ளிக்கூடமும் போகமாட்டாள்.

பள்ளிக்கூடத்தில் சொல்லித்தான் அவளைச் சிலாபத்து மனநல வைத்தியரிடம் கூட்டிப்போனோம். இது ஓசிடி, பயத்தில் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய் என்றார். நான் ஒரே தரம் சொல்ல, அவள் பயத்தைப் பொறுத்துப் பழகும் பயிற்சி தந்தார். அவளால் தாங்க முடியவில்லை. மாத்திரையும் சேர்ப்போம் என்றார்.

"சின்னப் பிள்ளைக்கு மாத்திரை எதுக்கு, டொக்டர்?" என்றேன்.

"மருந்து பயத்தைக் கொஞ்சம் குறைக்கும். பயிற்சியை அவதான் செய்யணும்."

நான் மறுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து மகளே சொன்னாள்: "எனக்கும் நிப்பாட்டத்தான் ஆசை அப்பா. ஏலாம இருக்கு."

மறுநாளே மாத்திரைக்குச் சம்மதித்தேன்; பயிற்சியையும் மறுபடி தொடங்கினோம்.

சில கிழமைகளுக்குப் பின் ஒரு காலை, நான் ஒரு தரம் சொன்னதும் கதவைப் பிடித்துக்கொண்டு, "காணும் அப்பா, ஒரு தரம் போதும், போங்க" என்றாள்.  திரும்பக் கூப்பிடவில்லை. பகல் கரைக்கு வந்தபோது, "பிள்ளை பள்ளிக்கூடம் போயிட்டா" என்றாள் மனைவி. எத்தனையோ புயலைக் கண்டவன் நான்; இப்படியொரு துணிச்சலைக் கண்டதில்லை. மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது மாத்திரையை என் கையால் கொடுக்கிறேன். சுகமாகிவிட்டாள் போலத் தோன்றினாலும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்துவதில்லை.