அடுப்படியில் பார்த்த லென்ஸ்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். படம் எடுக்கப் போன கல்யாண வீட்டில் என் கேமராவை மறித்து ஆடிய ஒரு குடிகாரனின் மூக்கை உடைத்தேன். கேமரா பெட்டி நசுங்கும்படி வேனைப் பின்னால் எடுத்த டிரைவரின் பல்லைக் கழற்றினேன். அந்தப் பல்லுக்குப் பிறகுதான் என் மனைவி சொன்னாள்: "இனி ஒருத்தர் மேல கை வச்சீங்கன்னா, நான் புள்ளைய தூக்கிட்டு ராகலைக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். சண்டையும் போட மாட்டேன், சொல்லிக்கவும் மாட்டேன்." மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எட்டு மாதம் தாங்கியது.

பழைய கேமரா லென்ஸ் ஒன்றைக் கினிகத்தேனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நானாவிடம் வாங்கினேன். முஸ்லிம் ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் எனக்கு நானா, அண்ணன் மாதிரி. வீட்டில் அவசரமில்லாமல் ஆறுதலாகப் பார்க்கும்படியும், பிடிக்காவிட்டால் திருப்பித் தரும்படியும் அவரே சொல்லித்தான் அனுப்பினார்.

பனிக்குள் மோட்டார் சைக்கிளில் ஹட்டன் பக்கம் ஏறித் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தபோது விரல்கள் விறைத்திருந்தன. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு மூடிகளையும் கழற்றி, போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்த்து அடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. வெளியே துடைத்தேன். உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. பங்கஸ்! ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சணம். எங்கள் மலையில் லென்ஸுக்கு அதுதான் எமன். அதற்குப் பயந்துதான் நாங்கள் லென்ஸைத் துணியில் சுற்றி, ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும் என்று அரிசி டின்னுக்குள் வைப்போம்.

காலையில் பார்த்துக்கொள்ளலாம், கொஞ்சம் பொறுங்கள் என்றாள் மனைவி. எனக்குக் காது அடைத்துவிட்டது. நாசமாய்ப் போனவன், என் தலையில் கட்டிவிட்டான். லென்ஸை ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு வந்த வழியே இறங்கினேன். வழி நெடுக அவரை மனதுக்குள் அடித்துக்கொண்டே போனேன்.

கடையில் நானா தனியாக இருந்தார். லென்ஸை மேசையில் வைத்து, உள்ளே பங்கஸ் என்று கத்தினேன். "தம்பி, எங்க வச்சிப் பார்த்தீங்க?" என்றுதான் கேட்டார். அந்த நிதானம் எனக்குப் பொறுக்கவில்லை. சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தேன். தடுக்கக் கையைத் தூக்கினார். அந்தக் கையை முறுக்கித் தள்ளினேன். கண்ணாடி அலுமாரியில் போய் விழுந்தார். கண்ணாடி நொறுங்கியது. விழுந்தவரை இன்னும் இரண்டு உதை உதைத்தேன். எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அவர் எழுந்தார். காதோரம் கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. மேசையில் நான் வைத்த லென்ஸை எடுத்து டார்ச் அடித்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு தூசி இல்லை.

"குளிர்ல கொண்டு போய் அடுப்புக்கிட்ட தொறந்திருக்கீங்க. உள்ளுக்கு வேர்த்திருக்கு, வர்ற வழியில காஞ்சிருச்சு. அவ்வளவுதான் தம்பி."

எனக்குத் தெரியாததா? நுவரெலியாவுக்குப் படம் எடுக்கப் போகும் ஒவ்வொருவரிடமும் நானே சொல்வேன், குளிரிலிருந்து உள்ளே வந்ததும் பையைத் திறக்காதே என்று. மானம் போயிற்று. அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஆறு தையல். வழுக்கி விழுந்ததாக அவரே டாக்டரிடம் சொன்னார். நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

வீட்டில் மனைவி என் சட்டைக் கையில் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"லென்ஸ்ல கோளாறு இருந்துச்சா?"

"இல்ல."

சோறு போட்டுத் தந்தாள். மறுநாள் நானாவின் கடைக்குக் கண்ணாடி மாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. மகளின் ஸ்கூல் பையையும் காணவில்லை. நான் திரும்பக் கொண்டுவந்து வீட்டு மேசையில் வைத்துவிட்டுப் போன லென்ஸையும் காணோம் என்று தேடினேன். அரிசி டின்னைத் திறந்தால், அவளுடைய பழைய சேலைத் துண்டில் சுற்றி, ஈரம் படாமல் உள்ளே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.