காஸ்டிக் சோடா விற்கிறவன் பாடு

ஊரில் அழுக்கு இருக்கிறவரை காஸ்டிக் சோடா விற்காமல் போகாது. விற்றவனுக்கு நிம்மதியும் வராது. சோப்பு, காகிதம், துணி ஆலை, சாக்கடை அடைப்பு என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பார்க்க வெள்ளைச் செதிலாகச் சாதுவாக இருக்கும். ஈரக்கையால் தொட்டால் விரல் வழுவழுக்கும். நம் தோலே சோப்பாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆசிட், பூச்சிமருந்து விற்கிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

மாமியார் குண்டான்

வேங்கிக்கால் மலர்விழி வீட்டிலேயே சோப்பு காய்ச்சி விற்கலாமென்று சோடா வாங்க வந்தாள். "தண்ணியில சோடாவைப் போடும்மா, சோடா மேல தண்ணி ஊத்தாத. அலுமினியப் பாத்திரம் வேணவே வேணாம்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். மறுநாள் அடியில் ஓட்டை விழுந்த அலுமினியக் குண்டானோடு வந்து நின்றாள். கரைசலை ஊற்றியதும் நுரைத்துப் பொங்கியதாம். அதில் கிளம்புகிற வாயு தீப்பிடிக்கும், பக்கத்தில் அடுப்பு எரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவள் கவலை வேறாக இருந்தது.

"குண்டான் மாமியாருதுண்ணா, அவங்களுக்கு நான் என்னான்னு சொல்றது?"

பௌர்ணமி அடைப்பு

கடைக்கு எதிரே ஒரு லாட்ஜ். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் அறையெல்லாம் நிரம்பி, பாத்ரூம் அடைத்துக்கொண்டது. மேனேஜர் அவசரப்படுத்த, துப்புரவு வேலை செய்கிற முனியம்மா சோடாவைக் கொட்டி அதன்மேல் வெந்நீரை ஊற்றிவிட்டார். அது கொதித்து எகிறி முகத்தில் அடித்தது.

அலறல் கேட்டு ஓடினேன். எலுமிச்சம்பழம் பிழிந்தால் சோடாவின் காரம் முறிந்துவிடும் என்று மேனேஜர் பழத்தோடு நின்றார். அவரை விலக்கிவிட்டு, முனியம்மாவைக் குழாயடியில் உட்காரவைத்து, இமையைப் பிரித்துத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தேன். "கண்ணு தெரியலண்ணா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கிரிவலக் கூட்டத்தைத் தாண்டி ஆட்டோ வந்துசேர வெகுநேரம் ஆனது. ஒரு கண் தப்பியது. இன்னொன்றில் வெள்ளை படர்ந்து, பார்வை போய்விட்டது. அன்றைக்கு ஆட்டோ கிளம்பியதுமே மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"அடைப்பு இன்னும் எடுபடலண்ணே, வேற ஏதாச்சும் ஜாஸ்தி வேகமா இருக்குதா?"

தண்ணி பாட்டில்

அடி அண்ணாமலையில் டிபன் கடை நடத்துகிறவர் ஏழுமலை. எண்ணெய்க் கறை பிடித்த சட்டிகளைக் கழுவ சோடாவைக் கரைத்தார். மிச்சத்தைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைத்தார். கழனியிலிருந்து தாகத்தோடு வந்த அவர் அண்ணன் அதை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார். பதறிய அக்கம்பக்கத்தார் விரலை விட்டு வாந்தி எடுக்கவைத்தார்கள். இறங்கும்போது சுட்டது, ஏறும்போது மறுபடியும் தொண்டையைச் சுட்டது. உயிர் தப்பியது. இப்போது கஞ்சிகூட வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான்.

சில மாதம் கழித்து ஏழுமலை கடைக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவர் அலமாரியிலிருந்த சோடா பாக்கெட்டைக் காட்டினார்.

"இதுல எதனா கலர் கலந்து விக்க முடியாதாண்ணே? கரைச்சா தண்ணி மாதிரியே இருக்குதே."

இப்போதெல்லாம் பாக்கெட்டோடு எச்சரிக்கையையும் சேர்த்தே கொடுக்கிறேன். பாக்கெட் வீட்டுக்குப் போய்விடுகிறது, எச்சரிக்கை என்னோடு கடையிலேயே உட்கார்ந்திருக்கிறது.